உதகைத் தோட்டமும் நம் மலைச்சாரலும்

தோட்டம் என்பது கண்ணுக்கு இன்பம் பயப்பது என்று பலரும் கூறுவர். அஃது உண்மையே, ஆயினும் முழு உண்மையன்று. கண்ணுக்கு இன்பம் பயக்கும் தோட்டம் ஒருவகை. கருத்துக்கு உணவளிக்கும் தோட்டம் பிறிதொருவகை. முன்னதில் உலாவிக் களைப்பாறி வீடு திரும்பினாற் போதும். பின்னதிலோ, உட்புகுந்தபோது இருந்த அறிவினும் சிறிதேனும் மிகுதியாகப் பெற்று வெளிவருதல் வேண்டும். தாவரவியல் தோட்டம் இவ்விரண்டாம் வகையைச் சார்ந்தது. அதனை முதல் வகையாகவே கருதி, ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோர் கண்டு மீள்கின்றனர். இக்குறை எல்லா ஊரார்க்கும் பொதுவாயினும், சிலமலை, போடிநாயக்கனூர் முதலிய ஊர்களிற் பிறந்து, ஏலமலையின் அடிவாரத்தில் வளர்ந்த எம்போன்றோர்க்கு இதனால் விளையும் இழப்பு பெரிது. அவ்விழப்பு யாது, அதனை ஈடு செய்யும் வழி யாது என்பவற்றை நம் கல்லூரி மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் பழைய மாணவர்க்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தாவரவியல் தோட்டங்களின் வரலாற்றைச் சுருங்கக் கூறி மேற்செல்வோம். இத்தாலி நாட்டுப் பாதுவா நகரத்தில் 1545ஆம் ஆண்டில் அங்குள்ள பல்கலைக்கழகத்தார் மருந்துச் செடிகளை மாணவர்க்குக் காட்டிக் கற்பிக்கும்பொருட்டு ஒரு தோட்டம் அமைத்தனர். அஃது இன்றும் அதே இடத்தில் உள்ளது. அதன் நடுவே வட்டவடிவான நிலப்பகுதியும், அதனைச் சூழ நீர்வளையமும் அமைந்துள்ளன. நிலம் உலகத்தையும், நீர் அவ்வுலகைச் சூழ்ந்த கடலையும் குறிக்கும் என்பர். இலண்டன் மாநகரை அடுத்த கியூத் தோட்டம் 1759ஆம் ஆண்டில் தொடங்கிற்று. அதற்கு அடுத்த ஆண்டே, 1760இல், ஐதர் அலி பெங்களூரில் லால்பாக்கைத் தொடங்கினார். அவர் மைந்தர் திப்பு சுல்தான் பல நாடுகளிலிருந்து விதையும் கன்றும் தருவித்து அதனை வளப்படுத்தினார். கல்கத்தாவில் ஊக்ளி ஆற்றங்கரையில் 1787இல் இராபர்ட் கிட் என்பார் தொடங்கிய தோட்டமும், இலங்கையில் மகாவலி கங்கை வளைந்தோடும் பேராதனையில் 1821இல் தோன்றிய தோட்டமும் உலகப்புகழ் பெற்றவை. இவையனைத்தும் அழகுக்காக மட்டும் எழுந்தவையல்ல. மருந்தும், உணவும், வாணிகப் பொருளும் தேடியே எழுந்தன. அழகு அவற்றைப் பின்தொடர்ந்து வந்தது.

நம் மாகாணத்தில் இத்தகைய தோட்டங்களுள் தலைசிறந்தது உதகமண்டலத்தில் உள்ளது. தொட்டபெட்டா மலையின் கீழ்ச்சரிவில், கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 2,250 முதல் 2,500 மீட்டர் வரை உயர்ந்து செல்லும் 55 ஏக்கர் நிலத்தில் அஃது அமைந்துள்ளது. அதன் பிறப்பு வேடிக்கையானது. குளிர்மலையிற் குடியேறிய ஐரோப்பியர், தம் சமையலுக்கு வேண்டிய சீமைக் காய்கறிகள் மலிவாகக் கிடைக்கவேண்டும் என்று கருதி, 1840களின் இடையில் மாதச் சந்தா செலுத்தி ஒரு காய்கறித் தோட்டம் நடத்தினர். அம்முயற்சி நெடுநாள் நிலைக்கவில்லை. பின்னர் 1848இல், கியூத் தோட்டத்திற் பயின்ற வில்லியம் கிரகாம் மக்கைவர் என்பார் இவ்விடத்தைத் திருத்தும் பொறுப்பேற்று வந்தார். சதுப்பும் புதருமாய்க் கிடந்த சரிவை அவர் படிப்படியாய் வெட்டித் திருத்தி, நீர் வடியச் செய்து, புல்தரையும் மரவரிசையும் அமைத்தார். 1876இல் தாம் இறக்குமளவும் அவர் நீலகிரியிலேயே உழைத்தார். முட்டைக்கோசுக்காகத் தொடங்கிய ஒரு முயற்சி இவ்வாறு ஒரு கலைக்கூடமாயிற்று.

மக்கைவர் செய்த பிறிதொரு தொண்டும் நினைவிற் கொள்ளத்தக்கது. மலைக்காய்ச்சலுக்கு மருந்தாகிய கொய்னா, சின்கோனா மரத்தின் பட்டையிலிருந்து கிடைப்பது. அம்மரம் தென்னமெரிக்க மலைகளுக்கே உரியது. கிளெமெண்ட்ஸ் மார்க்கம் என்பார் முயன்று அதன் கன்றுகளையும் விதைகளையும் 1860ஆம் ஆண்டளவில் இந்நாட்டுக்குக் கொணர்ந்தார். அவற்றை நீலகிரியில் வளர்க்கும் பொறுப்பு மக்கைவரிடம் வந்தது. பட்டைக்காக மரத்தையே வெட்டிவிடுதல் கூடாது என்று கருதிய அவர், பட்டையைப் பட்டை பட்டையாய் உரித்து, உரித்த இடத்தைப் பாசியால் மூடிவைத்தார். அவ்விடத்தில் மீண்டும் பட்டை தோன்றியது. புதுப்பட்டையில் மருந்துச்சத்து முன்னினும் மிகுந்திருந்தது. ஓர் உயிரைக் கொல்லாமல் அதன் பயனைக் கொள்ளும் வழியை அத்தோட்டக்காரர் கண்டார். நடுவட்டத்திற் கொய்னாத் தொழிற்சாலை எழுந்ததும், மலைக்காய்ச்சலால் வருந்திய பல்லாயிரம் ஏழைகள் உயிர் பிழைத்ததும் இதன் பயனே. தோட்டம் என்பது பொழுதுபோக்கிடம் என்போர் இவ்வரலாற்றைச் சற்றே எண்ணிப் பார்க்கவேண்டும்.

நிற்க. சென்ற கோடை விடுமுறையில் எம் ஊர் நண்பர் சிலருடன் யாம் இத்தோட்டத்தைக் காணச் சென்றோம். மே மாதத்து மலர்க்காட்சி நடைபெறும் காலமாதலின், கூட்டம் அலைமோதிற்று. மலர்களால் உருவங்கள் சமைத்து வைத்திருந்தனர். அவற்றின் முன்னே நின்று படமெடுப்பாரும், எடுக்கப்படுவாருமாய் எங்கும் ஆரவாரம். சற்று மேலேறி, வயது முதிர்ந்த மரங்கள் நிற்கும் பகுதிக்குச் சென்றோம். குரங்கும் ஏறத் தயங்கும் முள்ளிலைகளையுடைய தென்னமெரிக்க மரம், புட்டிகளுக்குத் தக்கை தரும் மரம், தாள்போலப் பட்டை உரியும் மரம் ஆகியவை அங்கே உள்ளன. இரண்டு கோடி ஆண்டுகட்குமுன் வாழ்ந்து கல்லாய்ச் சமைந்த மரத்தின் அடிப்பகுதியும் கிடக்கின்றது. பெரணிகள் வளர்க்கும் இல்லமும், போர்க்கைதிகளாய் இருந்த இத்தாலியர் வகுத்தது என்று கூறப்படும் மலர்ப்பாத்தியும் உள்ளன. தோட்டத்தின் உச்சியை ஒட்டித் தோடர்களின் மந்து ஒன்று இன்றும் இருக்கின்றது. தோட்டம் தோன்றுமுன்னரே அம்மலையை அறிந்தவர் அவர்களே என்பதை அதனைக் கண்டதும் உணர்ந்தோம்.

மரங்களின் அடியிற் பெயர்ப்பலகைகள் இருந்தன. அவற்றின் அருகே அரைமணி நேரம் அமர்ந்து, வருவோர் போவோரைக் கவனித்தோம். பலகையைக் குனிந்து படித்தவர் இருவர் மட்டுமே. ஒருவர் பள்ளிச் சிறுமி. மற்றவர் அவளுக்குப் படித்துக்காட்டிய பாட்டியார். மற்றையோர் அனைவரும் மரத்தின்மேற் சாய்ந்து படமெடுத்துக்கொண்டு அகன்றனர். அவர்களைக் குறைகூற யாம் இதனைச் சொல்லவில்லை. உழைத்துக் களைத்த மக்கள் ஆண்டுக்கொருமுறை மலர்களைக் கண்டு மகிழ்வது தவறன்று. ஆனால், படித்தால் விளங்கும் என்ற நம்பிக்கை அப்பலகையின் மொழியில் இல்லை. இலத்தீனப் பெயர் தாவரநூல் வல்லார்க்கு வேண்டுவதே. அதனோடு, இம்மரம் எங்கிருந்து வந்தது, யாருக்கு எவ்வாறு பயன்படுகிறது, நம் மக்கள் இதனை எப்பெயரால் அழைக்கின்றனர் என்று இரண்டு வரி தமிழில் எழுதிவைத்தால், சாய்ந்து நின்றவரும் நிமிர்ந்து படிப்பர். பெயர் தெரிந்த மரத்தின்மேல் எவரும் ஆணியால் தம் பெயரைச் செதுக்கமாட்டார் என்பது எம் எண்ணம்.

தோட்டத்தின் தாழ்ந்த பகுதியில் ஆம்பல் மலரும் சிறு குளம் ஒன்று உள்ளது. நீர் தெளிந்திருந்தது, கரை செப்பமாயிருந்தது. அன்று மாலையே நகரின் பெரிய ஏரியையும் கண்டோம். அவ்வேரி 1824ஆம் ஆண்டையொட்டி, நீலகிரியில் முதன்முதற் குடியேறிய கலெக்டர் ஜான் சலிவன் வெட்டுவித்தது. முற்காலத்தில் அது பரந்து கிடந்தது. காலப்போக்கிற் கரை சுருங்கி, அதன் நிலத்தில் குதிரைப்பந்தய மைதானமும் பஸ் நிலையமும் எழுந்தன. எஞ்சிய நீரிலும் நகரத்துக் கழிவுகளைச் சுமந்துவரும் கோடப்பமந்துக் கால்வாய் வந்து கலக்கின்றது. ஒரே ஊர், ஒரே மழை, ஒரே மக்கள். வேலிக்குள்ளே உள்ள நீர் பளிங்காய் இருக்கின்றது. வேலிக்கு வெளியே உள்ள நீர் நாறுகின்றது. இவ்வேறுபாட்டுக்குக் காரணம் யாது? வேலிக்குள்ளிருப்பதைக் காப்பவர் உளர். அதனைப் பார்க்கக் கட்டணம் செலுத்தி வருவோரும் உளர். வெளியிலிருப்பது ஊர்ப்பொது, ஊர்ப்பொது எனின் ஒருவருக்கும் உரியதன்று என்று நாம் பொருள்கொண்டுவிட்டோம்.

இதனை எண்ணியபோது எம் மனம் போடிநாயக்கனூரை நோக்கிச் சென்றது. குரங்கணி மலையினின்று இழியும் கொட்டகுடி ஆறு எம் பக்கத்துக் கண்மாய்களுக்குத் தாய் போன்றது. பங்காருசாமி கண்மாயும், மீனாட்சிபுரத்துக் கண்மாயும் நிறைந்தால் எம்மவர் முகம் மலரும். வறண்டால் கிணறும் வறளும். நெல்லும் தென்னையும் வாழையும் அந்நீரை நம்பியே உள்ளன. இக்கண்மாய்களைச் சுற்றி மதில் எழுப்பிக் கட்டணம் வாங்க இயலாது, வாங்குதலும் கூடாது. அவற்றைக் காக்கும் வேலி மக்களின் அறிவே. நீரில் எது வளரவேண்டும், எது வளரலாகாது என்று ஊரார் அறிந்திருந்தால் அதுவே வேலியாகும்.

அவ்வறிவு இல்லாமையால் வரும் கேட்டுக்கு ஆகாயத்தாமரையே சான்று. வெங்காயத் தாமரை என்றும் இதனை வழங்குவர். இதன் பிறப்பிடம் தென்னமெரிக்கா. ஊதாநிற மலரின் அழகைக் கண்டு மயங்கிய செல்வரும் தோட்டக்காரரும் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் இறுதியில் தத்தம் பூங்காக் குளங்களில் இதனை இட்டு வளர்த்தனர். குளத்துக்குள் அடங்கியிருக்க அதற்கு மனமில்லை. வெள்ளத்தோடு சென்று ஏரி, ஆறு, கால்வாய் எங்கும் பரந்தது. நீரின்மேற் பாய்விரித்து வெளிச்சத்தை மறைக்கும்; மீனுக்கு வேண்டும் உயிர்க்காற்றைக் குறைக்கும்; மதகை அடைக்கும்; கொசுவுக்கு இடம் கொடுக்கும். இன்று அதனை அகற்ற ஊராட்சிகள் ஆண்டுதோறும் பொருள் செலவிடுகின்றன. மறுமழையில் அது மீண்டும் தழைக்கின்றது. பூங்காக் குளத்தின் அழகு ஊர்க்குளத்தின் அழிவாயிற்று.

மலைமேலும் இதே கதைதான். நீலகிரியில் விறகுக்காகவும் பட்டைக்காகவும் ஆஸ்திரேலிய நாட்டுக் கற்பூர மரத்தையும் சீகை மரத்தையும் பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கொணர்ந்து நட்டனர். இருபதாம் நூற்றாண்டிற் பல்லாயிரம் ஏக்கர்ப் புல்வெளிகள் இம்மரத் தோப்புகளாயின. சோலைக் காடும் புல்வெளியும் சேர்ந்தே மழைநீரைத் தாங்கிச் சிறிது சிறிதாய் ஓடைகளுக்கு விடுவன என்பதை அக்காலத்தார் மதித்திலர். வேலிக்கு அழகென்று வந்த உண்ணிச்செடி இன்று காடெங்கும் பரந்து, மானுக்கும் காட்டெருமைக்கும் புல் இல்லாமற் செய்கின்றது. ஆதலின், தாவரவியல் தோட்டங்கள் நன்மையே செய்தன என்று யாம் வாதிடவில்லை. கொய்னாவைத் தந்த கையே உண்ணிச்செடியையும் தந்தது. ஆராய்ந்து தந்தபோது மருந்தும், ஆராயாது தந்தபோது நோயும் கிடைத்தன. இதனால், தோட்டமே வேண்டா என்னும் முடிபு பெறப்படாது. அறிவோடு அமைத்த தோட்டமே வேண்டும் என்னும் முடிபே பெறப்படும்.

இனி எம் மலைக்கு வருவோம். ஏலம் என்னும் செடிக்கு உலகத்தார் வழங்கும் அறிவியற் பெயர் எலெட்டேரியா. இப்பெயர் எங்கிருந்து வந்தது? மலையாள நாட்டில் டச்சுக்காரரின் ஆட்சித் தலைவராயிருந்த வான் ரீடு என்பார், இட்டி அச்சுதன் முதலிய நாட்டு வைத்தியர்களின் துணைகொண்டு, மலையாள நாட்டுத் தாவரங்களைப் பற்றி 12 பகுதிகள் கொண்ட பெருநூல் ஒன்றை 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்டார். அந்நூலில் ஏலம் ‘ஏலத்தரி’ என்னும் நாட்டுப் பெயராலேயே குறிக்கப்பட்டது. பிற்காலத்து அறிஞர் அதனையே இலத்தீன வடிவமாக்கினர். எனவே, நம் மலைமக்கள் வழங்கிய சொல்லைத்தான் இன்று உலகத்துப் பேராசிரியர் அனைவரும் வழங்குகின்றனர். ஊரார் சொல்லை உலகம் கற்றது. ஊராரின் பிள்ளைகளோ மறந்துவருகின்றனர்.

இது மிகைக்கூற்றன்று. விடியற்காலையில் எம் பக்கத்து ஊர்களிலிருந்து ஆணும் பெண்ணும் ஜீப்புகளில் நெருக்கியமர்ந்து, போடிமெட்டு வளைவுகளைக் கடந்து, மலையில் ஏலக்காய் எடுக்கச் செல்கின்றனர். போடியில் மசாலாப் பொருள் வாரியத்தின் மேற்பார்வையில் மின்னணு ஏலம் நடக்கின்றது. அங்கே விலை ஏறினாலும் இறங்கினாலும் எம் ஊர் அடுப்புகளில் அது தெரியும். எம்மவருட் பலர்க்கு உயிர்நாடி ஏலமே. ஆயினும், கல்லூரியிற் பயிலும் எம் ஊர் இளைஞரிடம் ஏலப்பூ எங்கே பூக்கும் என்று கேட்டால், தட்டையின் நுனியில் என்பார் பலர். அது செடியின் அடியிலிருந்து எழும் சரத்திற் பூப்பது; தேனீ வந்து மகரந்தம் சேர்த்தாலன்றிக் காய் பிடிக்காது; பலா, சந்தனவேம்பு, கல்யாணமுருங்கை போன்ற மரங்களின் நிழல் இன்றேல் வாடும். தேனீயைக் கொல்லும் நஞ்சை அளவின்றித் தெளிப்பதும், நிழல்மரத்தை அளவின்றிக் கழிப்பதும் தம் கையால் தம் சோற்றில் மண்ணிடுவதற்கு ஒப்பாம் என்பதைச் செடியின் முன்னே நிறுத்திக் காட்டினால், சிறுவனும் உணர்வான்.

பழைய வகைகளைப் பற்றியும் ஒரு சொல். ஏலத்தில் மலபார், மைசூர், வழுக்கை என மூவகை உண்டு என்பர். இடுக்கி மாவட்டத்தில் செபாஸ்டியன் ஜோசப் என்னும் உழவர் தம் தோட்டத்துச் செடிகளைக் கூர்ந்து நோக்கி, நல்ல செடியைத் தேர்ந்து பெருக்கிய ‘ஞள்ளாணி’ வகை, 1990களிலிருந்து மலையெங்கும் பரவி விளைச்சலைப் பன்மடங்காக்கிற்று. பட்டம் பெறாத ஓர் உழவரின் கண் செய்த பெருந்தொண்டு அது. ஆயினும், எல்லாரும் ஒரே வகையை நட்டால், ஒரு நோயோ ஒரு வறட்சியோ வரும்போது எல்லாரும் ஒருங்கே இழப்பர். 2024ஆம் ஆண்டுக் கோடையில் மலையில் மழை பொய்த்து ஏலச்செடிகள் வாடிக் கருகியதை எம்மவர் கண்ணாரக் கண்டனர். வறட்சி தாங்கும் பழைய செடி ஏதேனும் ஒரு மூலையில் நின்றால் அதன் அருமை அத்தகைய காலத்தில்தான் விளங்கும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏலம் புகுந்த குவாதமாலா நாடு இன்று உலகச் சந்தையில் நமக்கு முதற்போட்டியாய் நிற்கின்றது. தாய்மலையில் உள்ள வகைகளின் பெருக்கமே நமக்குள்ள தனிச்செல்வம். அதனையும் இழந்தால் நமக்கு எஞ்சுவது யாது?

பெயர் மறந்தால் பொருளும் மறையும் என்பதற்கு நம் இலக்கியமே சான்று. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களை அடுக்கிக் கூறினார். அவற்றுட் சில இன்னவை என்று துணிய இயலாமல் இன்று அறிஞர் தம்முள் வேறுபடுகின்றனர். பெயர் ஏட்டில் இருக்கின்றது. மலரும் எங்கேனும் மலையிற் பூத்துக்கொண்டிருக்கலாம். இரண்டையும் சேர்த்துக் காட்டுவார் இடையில் அற்றுப்போயினர். பன்னிரண்டு ஆண்டுகட்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2006இலும் 2018இலும் நம் மேற்கு மலைகளிற் பூத்தது. அடுத்து 2030இல் பூக்கும். அதற்குள் நம் மாணவர் குறிஞ்சித்திணையைப் பாடநூலிற் படித்துத் தேர்வெழுதிவிடுவர். மலையில் அதன் இலையைக் கண்டு அடையாளம் கூறுவார் எத்தனை பேர்?

இங்கே சிலர் தடை எழுப்புவர். மலையே பெரிய தோட்டமாயிருக்க, அடிவாரத்தில் வேறு தோட்டம் எதற்கு என்பது முதல் தடை. நூல்கள் நிறைந்த அறையில் விளக்கின்றி நிற்பவனுக்கு எத்தனை நூல் இருந்து என்ன பயன்? மலையில் உயிர்கள் கலந்து கிடக்கின்றன. தோட்டத்தில் அவை வரிசைப்பட்டுப் பெயர் தாங்கி நிற்கின்றன. தோட்டத்தில் எழுத்தறிந்தவன் மலையிற் சென்று நூல் படிக்க வல்லவனாவான். ஏலத்தை ஆராய மயிலாடும்பாறையிலும் பாம்பாடும்பாறையிலும் நிலையங்கள் உள்ளனவே என்பது இரண்டாம் தடை. அவை அரும்பணி ஆற்றுகின்றன. ஆனால் அவை ஆராய்ச்சியாளர்க்கும் பயிரிடுவோர்க்கும் அமைந்தவை. பள்ளிச் சிறுமி பாட்டியாரோடு உலாவிப் பெயர் படிக்கும் இடங்களல்ல. பொருளுக்கு எங்கே போவது என்பது மூன்றாம் தடை. 55 ஏக்கர் கேட்பாரில்லை. அரை ஏக்கர் நிலமும், மழைநீர் தங்கும் சிறு குளமும், பத்துப்பேர் உழைப்பும் தொடக்கத்துக்குப் போதும்.

கல்லூரிகளுக்கு இத்தொண்டு புதிதன்று. இலின்னேயரின் மாணாக்கராகிய கோனிக் என்னும் மருத்துவர் 1768இல் தரங்கம்பாடி மிஷனுக்கு வந்து, அக்கரைச் செடிகளைச் சேகரித்து ஐரோப்பாவுக்கு அறிவித்தார். 1776இல் அங்கு வந்த ராட்லர் பாதிரியார், இறைத்தொண்டோடு தாவர ஆராய்ச்சியும் செய்து, உலர்த்திய செடிகளின் பெருந்தொகுதி ஒன்றைத் திரட்டினார். தமிழ் ஆங்கில அகராதி தொகுத்தவரும் அவரே. சொல்லைத் தொகுக்கும் கையும் செடியைத் தொகுக்கும் கையும் ஒன்றாயிருந்தமை கருதத்தக்கது. இராபர்ட் வைட் என்னும் மருத்துவர் 1838 முதல் 1853 வரை தென்னாட்டுத் தாவரங்களின் படங்களைப் பல பகுதிகளாக வெளியிட்டபோது, அப்படங்களைத் தீட்டியவர் இந்நாட்டு ஓவியராகிய ரங்கையாவும் கோவிந்துவுமாவர். கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில் 1895இல் சேசு சபையார் அமைத்த காட்சிசாலையும், திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியில் 1967இல் தோன்றிய இராபினாத் உலர்தாவரச் சாலையும் நம் நாட்டிலேயே கண்முன் உள்ளன. முன்னோர் பாய்மரக் கப்பலில் வந்து செய்ததை, நாம் வீட்டு வாயிலில் நின்று செய்தல் அரிதாமோ?

ஆகவே யாம் வேண்டுவன இவை. முதலாவது, நம் கல்லூரி வளாகத்தின் ஒரு பகுதியை மேற்கு மலைச்சாரலின் செடிகளுக்கென ஒதுக்குக. சமவெளி வெப்பத்தில் ஏலமும் மிளகும் வளரா என்பார், நிழற்பந்தலும் நீர்த்தெளிப்பும் உள்ள சிற்றிடத்தில் முயன்று பார்க்கலாம். வளராதது ஏன் வளரவில்லை என்று குறித்துவைப்பதும் கல்வியே. செங்காந்தள், நாவல், காட்டிஞ்சி முதலியவற்றுக்கு அத்துணை இடரில்லை. செங்காந்தட் கிழங்கு நஞ்சாவதும், அதன் விதையினின்று மூட்டுவாதத்துக்கு மருந்தெடுப்பதும் ஒரே பலகையில் எழுதப்படுமாயின், எச்சரிக்கையும் அறிவும் ஒருங்கே கிடைக்கும்.

இரண்டாவது, அதன் நடுவே ஒரு குளம் அமைக. அதில் அயல்நாட்டு அழகுச்செடி ஒன்றும் இடலாகாது. ஆம்பலும் நெய்தலும் நீரில் மலர்க. கரையில் வசம்பும் வல்லாரையும் நீர்முள்ளியும் பொன்னாங்கண்ணியும் வளர்க. தன் ஊர்க் கண்மாயில் எவை இருந்தன, எவை இல்லாமற்போயின என்பதை மாணவன் அக்குளத்தைக் கண்டு உணரட்டும்.

மூன்றாவது, ஒவ்வொரு செடிக்கும் முதற்கண் தமிழ்ப்பெயர் எழுதுக. பின் அறிவியற்பெயர் எழுதுக. அதன்கீழ் பயன் கூறுக. பளியர், முதுவர் முதலிய மலைமக்களின் முதியோரை அழைத்து, ஊதியம் அளித்து, ஆசிரியராய் இருத்துக. அவர்கள் கூறும் பெயரையும் பயனையும் அவர்கள் இசைவு பெற்று எழுதுக. கூறியவரின் பெயரையும் அவர் விரும்பினாற் பொறிக்க. வான் ரீடு தம் நூலில் நாட்டு வைத்தியர்க்குக் காட்டிய மதிப்பை நாம் காட்டாதிருத்தல் அழகன்று.

நான்காவது, மாணவர் ஒவ்வொருவரும் கல்லூரியிற் சேரும் ஆண்டில் ஒரு செடியைத் தமதாக ஏற்று, பட்டம் பெறும் நாள்வரை அதன் வளர்ச்சி, பூக்கும் காலம், அதனை நாடிவரும் வண்டு ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதிவருக. மூன்றாண்டுக் குறிப்பு சிறிதே. முப்பதாண்டுக் குறிப்பு ஒரு நூலாகும். மழையும் வெயிலும் முறைமாறி வரும் இக்காலத்தில் அத்தகைய குறிப்பின் விலை மதிப்பரிது.

பழைய மாணவர்க்கு எம் வேண்டுகோள் ஒன்று. 2010ஆம் ஆண்டின் இறுதியில் நின்றுபோன போடி ரெயில் 2023இல் அகலப்பாதையில் மீண்டும் ஓடத் தொடங்கியபோது ஊரே திரண்டு வரவேற்றது. வெளியூரிற் பணிபுரியும் எம்மவர் அவ்வண்டியில் ஊருக்கு வருகின்றனர். திருவிழாவுக்குப் பொருளும் தருகின்றனர். ஊருக்கு வரும்போது, தம் தாத்தா காலத்து ஏலத்தோட்டத்தின் மூலையில் நிற்கும் பெயரறியாப் பழைய செடி ஒன்றின் கிழங்கையேனும், அதனைப் பற்றிப் பெரியோர் கூறும் இரண்டு செய்தியையேனும் கொணர்ந்து தருக. நோயுற்ற செடி தோட்டத்துட் புகாவண்ணம் முதலில் தனியிடத்தில் வைத்துப் பார்த்தபின் நடுதல் வேண்டும். பெரியகுளத்துத் தோட்டக்கலைக் கல்லூரியார் இதற்கு வழிகாட்டத் தக்கவர்.

இம்முயற்சி நம் கல்லூரியில் வேரூன்றினால், போடி நகராட்சியும் சிலமலை போன்ற ஊராட்சிகளும் தத்தம் கண்மாய்க் கரையில் இவ்வாறே செய்ய முன்வருதல் கூடும். வேலிக்குள்ளே ஓர் அழகிய குளத்தை வைத்துக்கொண்டு வேலிக்கு வெளியே உள்ள ஏரியைக் கைவிட்ட பிழை நமக்கு வேண்டா. உள்ளே கற்றதை வெளியே நடத்திக் காட்டுவதே தோட்டத்தின் முடிந்த பயன்.

நீலகிரித் தோட்டத்தைக் கண்டு வியப்பது எளிது. அதனைப் போன்று ஒன்று நம்மிடம் இல்லையே என ஏங்குவதும் எளிது. ஆனால் அதனைத் தொடங்கியவர் மாதச் சந்தா செலுத்திய ஒரு சிலரே என்பதை மறத்தலாகாது. அவர்கள் காய்கறி வேண்டித் தொடங்கினர். நாம் நம் மலையின் பெயரும் நம் நீரின் தூய்மையும் வேண்டித் தொடங்குவோம். வரும் ஆடியில் மழை இறங்கியதும் குழி தோண்டலாம்; ஆசிரியரும் மாணவரும் அன்று ஒரு பொழுது மண்வெட்டி எடுத்தல் வேண்டும்.